ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் சிகிச்சை: நீண்ட கால அனுபவம்

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் அம்மா பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சிகிச்சை பெற்று வருகிறார். பெரும்பாலான மாதங்களில் நானும் உடன் செல்வதால், அங்கே கிடைக்கும் கவனிப்பின் தரத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மருந்தில் குறை சொல்ல இடமில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொள்முதல் செய்து அனுப்பும் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் எங்களுக்குத் தட்டுப்பாடின்றிக் கிடைத்துள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர், மூட்டு வலியால் அம்மா நடக்க முடியாத மாதங்களில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுச் செல்கிறார். வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

ஆனால் மாத்திரை தடையின்றிக் கிடைப்பதை மட்டும் வைத்து நல்ல சிகிச்சை என்று சொல்லிவிட முடியாது. அம்மாவின் நோட்டைப் புரட்டினால், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 250-க்கு மேல் இருந்த மாதங்களிலும் அதன் கீழே ‘அதே மருந்து’ என்றுதான் எழுதியிருக்கும். அளவு ஒழுங்காகக் குறிக்கப்பட்டது. அதைப் படித்து முடிவெடுக்கத்தான் ஆள் இல்லை. புதிதாக மாற்றலாகி வந்த மருத்துவர் ஒருவர் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ராத்திரி மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களாம்மா?” என்று கேட்டார். வயிற்றைப் பிரட்டுகிறது என்று அம்மா அதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்டவுடன் போடச் சொன்னார். அடுத்தடுத்த மாதங்களில் அளவு இறங்கியது. அன்றைக்கே செருப்பைக் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஆங்காங்கே தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்த்தார். அதற்கு முன் அங்கே யாரும் அம்மாவின் காலைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இரத்த அழுத்தம் பார்க்கும் முறையிலும் இதே வேறுபாட்டைக் கண்டேன். கூட்ட நாளில், நடந்து வந்த களைப்பு தீரும் முன்பே, ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றிப் பார்த்துவிடுவார்கள்; ஐந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டுப் பார்த்தால் அளவு கணிசமாகக் குறைகிறது. செவிலியர்களுக்கு இது தெரியாததல்ல, அவர்களுக்கு நேரமில்லை. காலையில் அந்த வரிசையைப் பார்த்தவர்கள் அவர்கள்மீது கோபப்பட மாட்டார்கள்.

அந்த மருத்துவரும் பின்னர் மாற்றலாகிப் போய்விட்டார். நல்ல கவனிப்பு ஒரு தனி மனிதரோடு வந்து அவரோடே போய்விடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இப்போது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர்ப் புரதம், இரத்தக் கிரியேட்டினின் ஆகியவற்றைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று நோட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதி வைத்து, உரிய காலம் வந்ததும் கேட்டுப் பெறுகிறேன், கேட்டால் மறுப்பதில்லை. விழித்திரைப் பரிசோதனைக்கு மட்டும் தாலுகா மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், அங்கே ஒரு நாள் முழுவதும் போய்விடுகிறது. இருந்தும் அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை.