போக்கிமான் ஷோடவுன்: அணி கட்டுவது எளிது, ஆறைப் பொறுக்குவதுதான் பாடு

தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ இருந்துகொண்டு போக்கிமானைப் போட்டித் தரத்தில் ஆட நினைத்தால் முதலில் இடிப்பது கருவிதான். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. அதன் ஸ்விட்ச் கருவி வேண்டுமென்றால் இறக்குமதிச் சரக்கு, அதற்கு மேல் கேமுக்குத் தனிக் காசு. அதையும் வாங்கிவிட்டால் அடுத்தது உழைப்பு. ஸ்கார்லெட், வயலெட் கேம்களில் ஒரு போக்கிமானின் ஒரே ஒரு ஸ்டேட்டை (அட்டாக், ஸ்பீடு போன்ற திறன் அளவை) வைட்டமின் கொடுத்து முழுதாக ஏற்ற 26 பாட்டில் பிடிக்கும். ஒரு பாட்டில் கேம் காசில் 10,000. அணியில் உள்ள ஆறு போக்கிமானுக்கும் இப்படிச் செய்து முடித்து, முதல் ஆட்டத்திலேயே தேர்வு தப்பு என்று தெரிந்தால் எல்லாம் முதலிலிருந்து.

போக்கிமான் ஷோடவுனில் இந்தப் பாடெல்லாம் கிடையாது. ஸாரெல் என்ற பெயரில் இயங்கும் நிரலாளர் 2011-ல் தொடங்கிய இலவசத் தளம் இது. பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். நின்டெண்டோவோடு தொடர்பில்லாத, ரசிகர்கள் நடத்தும் தளம். ஓரத்தில் விளம்பரம் வரும். பிடிப்பது, வளர்ப்பது, ஊர் சுற்றுவது, கதை எதுவும் இல்லை. சண்டை மட்டும்தான். பெயரைத் தட்டி உள்ளே போனால் எந்தப் போக்கிமானையும், அதற்கு விதிப்படி கிடைக்கும் எந்த மூவையும் (சண்டையில் போடும் அடி அல்லது உத்தி) எடுத்துக்கொள்ளலாம்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. திணறினால் ஆப்ஷன்ஸில் 3டி மாடல்களுக்குப் பதில் 2டி படங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள், அனிமேஷனையும் நிறுத்துங்கள். சண்டை பெரும்பாலும் எழுத்துச் செய்திகளாகவே போய்வருவதால் டேட்டா அதிகம் தின்பதில்லை. சிக்கல் தொடர்பு அறுவதில்தான். எதிராளி டைமரைப் போட்டுவிட்டால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஐப்பசி மழையில் கரண்ட் போய் மோடம் அணைந்தால் அந்த ஆட்டம் அநேகமாகப் போனதுதான். போனில் ஆடும்போது வாட்ஸ்அப்புக்குத் தாவினால்கூடச் சில போன்கள் பின்னணியில் பிரவுசரை முடக்கித் தொடர்பை அறுத்துவிடும். பெயரைப் பாஸ்வேர்டு போட்டுப் பதிவு செய்து வையுங்கள். டைமர் தீர்வதற்குள் அதே பெயரில் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். திருவாரூர் போகும் பஸ்ஸில் லேடர் ஆட்டம் (தரவரிசைப் புள்ளிக்கான ஆட்டம்) வேண்டாம். ரேண்டம் பேட்டில் போதும். அணியைத் தளமே கொடுக்கும், தோற்றாலும் மனசு கனக்காது.

இனி அணி கட்டும் பக்கமான டீம்பில்டர். தளத்தின் உயிர் இதுதான், குறையும் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஐட்டம் (கையில் வைத்திருக்கும் பொருள்), எபிலிட்டி (இயல்பாக உள்ள சிறப்புத் திறன்), நான்கு மூவ், நேச்சர் (ஒரு ஸ்டேட்டை ஏற்றி இன்னொன்றைக் குறைக்கும் சுபாவம்), ஈ.வி. (ஸ்டேட்களை ஏற்றப் பங்கிடும் புள்ளி) என்று எல்லாம் ஒரே திரையில். ஈ.வி. மொத்தம் 510, ஒரு ஸ்டேட்டுக்கு அதிகபட்சம் 252. 100-ஆம் லெவலில் நான்கு ஈ.வி.க்கு ஒரு புள்ளி ஏறும். மூவ்களைத் தேர்ந்ததும் இதற்கு இந்தப் பங்கீடு பொருந்தும் என்று அதுவே ஒன்றைக் காட்டும். புதியவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எல்லா ஸ்டேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள், எதிலும் உதவாது. வேலிடேட் பொத்தான் விதிமீறலைப் பிடிக்கும். ஆனால் அணி நல்லதா கெட்டதா என்று அது சொல்லாது. மின்சாரத்துக்குச் சுருளும் நீர் டைப் (வகை) போக்கிமான் ஆறைப் போட்டாலும் பச்சைக்கொடிதான். ஆகவே தேர்வின் கணக்கை நாமே போட வேண்டும்.

இப்போதைய ஒன்பதாம் தலைமுறையின் (ஸ்கார்லெட், வயலெட்) ஓ.யூ. பிரிவில், அதாவது அதிகம் ஆடப்படும் போக்கிமான்களின் ‘ஓவர்யூஸ்டு’ பிரிவில், ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு போக்கிமானை 4.52 சதவீதத்துக்கு மேல் ஆட்டக்காரர்கள் பயன்படுத்தினால் அது ஓ.யூ.; அதாவது 15 ஆட்டம் ஆடினால் ஒரு தடவையாவது அதைச் சந்திக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தடைப் பட்டியலும் பிரிவுகளும் அவ்வப்போது மாறும். கீழே வரும் பெயர்களில் எதையாவது வேலிடேட் மறுத்தால் பெயரை விட்டுவிடுங்கள், காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜெயிக்கப்போவது யார் என்று ஒருவரை முடிவு செய்யுங்கள். டிராகோனைட் என்று வைப்போம். மல்டிஸ்கேல் எபிலிட்டி இருப்பதால் எச்.பி. (உயிர்ப் புள்ளி) முழுதாக இருக்கும்வரை வாங்கும் அடி பாதியாகும். ஒரு டிராகன் டான்ஸ் போட்டால் அட்டாக்கும் ஸ்பீடும் ஒன்றரை மடங்கு. ஆனால் எதிராளி ஸ்டெல்த் ராக் (உள்ளே வருபவரைக் குத்தும் கல்) போட்டிருந்தால் உள்ளே வரும்போதே கால்வாசி எச்.பி. போய், மல்டிஸ்கேலும் வேலை செய்யாது. அதனால் ஐட்டம், கல் குத்தாமல் காக்கும் ஹெவி-டூட்டி பூட்ஸ்; இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அடுத்து, இதை யார் கொல்வார்? பனி டைப் அடி நான்கு மடங்கு விழும். பாறை, டிராகன், ஃபேரி தலா இரண்டு மடங்கு. இந்த நான்கையும் தாங்கும் ஒருவர் வேண்டும். ஸ்டீல்-கோஸ்ட் டைப்பான கோல்டெங்கோ நான்கையும் பாதியாகவே வாங்கும். அதற்கு வலிப்பது நெருப்பு, நிலம், கோஸ்ட், டார்க். நெருப்பு டிராகோனைட்டுக்குப் பாதி, நிலம் படவே படாது. மிச்சம் கோஸ்டும் டார்க்கும். இரண்டையும் தாங்க டார்க்-நில டைப்பான டிங்-லூ. இப்படி ஒருவர் ஓட்டையை அடுத்தவர் அடைத்துக்கொண்டே போனால் மூன்று இடம் தானாக நிரம்பிவிடும்.

டிங்-லூவுக்கு எச்.பி. பேஸ் (அடிப்படை அளவு) 155. எதிரே நிற்பவரின் ஸ்பெஷல் அட்டாக்கையும் அதன் எபிலிட்டி கால்வாசி குறைக்கும். ஸ்டெல்த் ராக் போடும் வேலையை இதனிடம் கொடுங்கள். விர்ல்விண்டும் இருந்தால் பலமேற்றிக்கொண்டு நிற்பவரை விரட்டலாம். குறை ஒன்று: ரெஸ்ட் தவிர உடம்பைத் தேற்றிக்கொள்ள மூவ் இல்லை, லெஃப்ட்ஓவர்ஸ் ஒரு டர்னுக்குப் பதினாறில் ஒரு பங்குதான் தரும். ஒவ்வொரு அடிக்கும் இதையே முன்னால் நிறுத்துவது புதியவர்களின் வழக்கம். பத்தாவது டர்னில் டிங்-லூ இருக்காது, அப்புறம் கோஸ்ட் டைப்புக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

நான்காவது இடம் எதிராளி விரித்த கல்லையும் முள்ளையும் கூட்டித் தள்ளுபவருக்கு. கிரேட் டஸ்க் ரேப்பிட் ஸ்பின்னால் தள்ளும், கூடவே தன் ஸ்பீடையும் ஒரு படி ஏற்றிக்கொள்ளும். எதிரணியிலும் கோல்டெங்கோ இருந்தால்? கோஸ்ட் டைப் மீது ஸ்பின் படாது. கல்லை நீக்கும் இன்னொரு மூவான டீஃபாக் போடுபவரை வைத்திருந்தாலும் கோல்டெங்கோவின் எபிலிட்டி தடுத்துவிடும். அதனால் டஸ்க்கிடம் ஹெட்லாங் ரஷ், நாக் ஆஃப் இரண்டும் இருக்கட்டும். இரண்டுமே கோல்டெங்கோவுக்கு இரட்டை அடி. அதை விரட்டிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்பின் போட்டால் ஒரு டர்ன் தண்டம்.

ஐந்தாவது, கடைசியில் வந்து முடித்துவைக்கும் கிங்காம்பிட். கூட்டாளி ஒருவர் விழுந்தால் இதன் பலம் பத்து சதவீதம் ஏறும், ஐந்து பேர் விழுந்தால் ஐம்பது. ஸ்பீடு பேஸ் வெறும் 50 என்றாலும் சக்கர் பஞ்ச் முந்திக்கொண்டு விழும். எதிராளி அந்த டர்னில் அடிக்காமல் வேறு மூவ் போட்டால் சக்கர் பஞ்ச் வீண். இது தெரிந்த எதிராளி வேண்டுமென்றே அடிக்காமல் இருப்பார். நீங்கள் அவர் மனசைப் படிக்க வேண்டும். “மாப்ள, கிங்காம்பிட்ட இப்பவே எறக்காத, கடைசிக்கு வை” என்று பக்கத்தில் இருப்பவர் கத்தினால் கேளுங்கள்.

இங்கே நின்று எண்ணிப் பாருங்கள். பேர்போன அணிகள் கெட்டுப்போவது ஆறாவது இடத்தில்தான். பலர் இங்கே காலர் ஸ்லோகிங்கைப் போடுவார்கள். தனியாகப் பார்த்தால் நல்ல தேர்வு, ரீஜெனரேட்டரால் வெளியே போகும்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு எச்.பி. தேறும். ஆனால் கோல்டெங்கோ, கிங்காம்பிட், ஸ்லோகிங் மூவருக்கும் நில டைப் இரட்டை அடி. தப்பிக்க டிராகோனைட் ஒன்றுதான். அதையும் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு (முந்திக்கொண்டு விழும் நார்மல் மூவ்) பலமாக விழட்டும் என்று நார்மல் டைப்புக்கு டெரா (சண்டை நடுவே டைப்பையே மாற்றும் வசதி) மூலம் மாற்றிவிட்டால் பறக்கும் டைப் போய்விடும், நிலம் படாத ஆள் அணியில் ஒருவரும் இல்லை. எதிராளியின் ஒரே எர்த்க்வேக் வரிசையாக அறுக்கும்.

ஆகவே ஆறாவது ரோட்டம்-வாஷ். மின்சார-நீர் டைப், லெவிடேட் இருப்பதால் நிலம் படாது. நெருப்பு, பனி, ஸ்டீல் தாங்கும். வலிப்பது புல் ஒன்றுதான். வோல்ட் ஸ்விட்ச் போட்டு அடித்துவிட்டு வெளியே வரலாம், வில்-ஓ-விஸ்ப் போட்டு அட்டாக்கரைச் சுட்டு அவர் பலத்தைப் பாதியாக்கலாம். ஹைட்ரோ பம்ப் ஐந்தில் ஒரு தடவை தவறும், அதை நம்பி ஆட்டத்தை ஒப்படைக்காதீர்கள். ஒரு ஓட்டை இன்னும் இருக்கிறது. டிராகோனைட், டிங்-லூ, டஸ்க் மூவருக்கும் ஃபேரி வலிக்கும், அதைத் தாங்குவது கோல்டெங்கோ மட்டும். எதிரணியில் ஃபேரி டைப்பான அயர்ன் வேலியன்ட் தெரிந்தால் கோல்டெங்கோவைப் பொத்திப் பொத்தி ஆட வேண்டும்.

ஸ்பீடுக்குத் தனிக் கணக்கு உண்டு, பலர் இதைப் போடுவதே இல்லை. 100-ஆம் லெவலில் பேஸை இரண்டால் பெருக்கி 99 கூட்டினால் முழு ஈ.வி. போட்ட ஸ்பீடு கிடைக்கும்; ஸ்பீடு நேச்சர் என்றால் 1.1 மடங்கு. டிராகபல்ட் என்ற போக்கிமானின் பேஸ் 142, அதிகபட்சம் 421. கோல்டெங்கோவின் பேஸ் 84. ஸ்பீடை ஒன்றரை மடங்காக்கும் சாய்ஸ் ஸ்கார்ஃப் கட்டி, ஸ்பெஷல் அட்டாக்கை ஏற்றும் மாடஸ்ட் நேச்சர் கொடுத்தால் 400, ஸ்பீடை ஏற்றும் டிமிட் கொடுத்தால் 439. அதாவது பலத்துக்கு ஆசைப்பட்டு மாடஸ்ட் எடுத்தால் ஸ்கார்ஃப் கட்டியும் டிராகபல்ட்டிடம் பிந்திப்போவீர்கள். இந்த அணியில் வேகமானவர் யாரும் இல்லாததால் ஸ்கார்ஃபும் டிமிட்டும் கட்டாயம். டிராகோனைட்டுக்கும் இதே கதைதான்: அட்டாக்கை ஏற்றும் அடமன்ட்டில் ஒரு டிராகன் டான்ஸுக்குப் பிறகும் 388தான், டிராகபல்ட்டிடம் பிந்திவிடும். ஸ்பீடை ஏற்றும் ஜாலி என்றால் 426, டிராகபல்ட்டைத் தாண்டும், ஸ்கார்ஃப் கட்டிய டிமிட் கோல்டெங்கோவைத் தாண்டாது. பூஸ்டர் எனர்ஜி என்ற ஐட்டத்தால் ஸ்பீடை ஏற்றிய அயர்ன் வேலியன்ட் 546 வரை போகும். அதற்கு எக்ஸ்ட்ரீம் ஸ்பீடும் சக்கர் பஞ்சும்தான் பதில். ஸ்கார்ஃப் கட்டியவர் வெளியே போய் வரும்வரை ஒரே மூவில் மாட்டிக்கொள்வார் என்பதால் அதே அணியில் இன்னொரு சாய்ஸ் ஐட்டம் வேண்டாம்.

மழை அணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதன் மேல் தனி மோகம். பெலிப்பர் உள்ளே வந்தால் மழை, பாரஸ்கியூடாவின் ஸ்பீடு இரட்டிப்பு, நீர் மூவ்கள் ஒன்றரை மடங்கு. பார்க்க அழகு. ஐந்து டர்னில் மழை விடும், டாம்ப் ராக் கொடுத்தால் எட்டு. பெலிப்பருக்கு மின்சாரம் நான்கு மடங்கு. அது செத்தால் மழையும் இல்லை அணியும் இல்லை. கொஞ்ச நாள் ஆடிப் பாருங்கள், லேடரில் ஏறுவதற்கு நம்பாதீர்கள்.

லேடர் 1000 புள்ளியில் தொடங்கும். தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைச் சேமித்து, பக்கத்தை மாற்றி எதிராளியின் இடத்திலிருந்து பாருங்கள். எந்த டர்னில் நம் அடுத்த மூவ் அவருக்கு அப்பட்டமாகத் தெரிந்தது என்பது அங்கே புரியும். தளத்தின் டேமேஜ் கால்குலேட்டர் தனிப் பக்கமாக இருக்கிறது, அடியின் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தே காட்டும். ஒரே அடியில் சாவதற்கு 6 சதவீத வாய்ப்பு என்று வந்தால் அதை அடியாகவே எண்ணாதீர்கள்.

அதிகாரபூர்வப் போட்டிகளின் வி.ஜி.சி. வடிவமும் இங்கே உண்டு. இருவருக்கு இருவர், லெவல் 50, ஆறைக் காட்டி நான்கை இறக்குவது, ஒரே ஐட்டம் இருமுறை கூடாது. மேலே சொன்ன அணி அங்கே எடுபடாது. ஸ்டெல்த் ராக்குக்கு அங்கே நேரமில்லை. புரொடெக்ட், ஃபேக் அவுட், ட்ரிக் ரூம் என்று வேறு கணக்கு.

குறைகள்: தமிழ் கிடையாது, மூவ் விளக்கங்கள் ஆங்கிலத்தில். போன் திரையில் டீம்பில்டர் கண்ணைக் குத்தும். அணியைக் கம்ப்யூட்டரில் கட்டிப் போனில் ஆடுவது நல்லது. எல்லாவற்றிலும் பெரிய குறை, அணிகள் வழக்கமாக உங்கள் பிரவுசருக்குள்ளேயே சேமிக்கப்படுவது. பிரவுசிங் சென்டரில் கட்டிய அணி அந்தக் கம்ப்யூட்டரோடு போச்சு. போனில் இடமில்லை என்று பிரவுசர் டேட்டாவை அழித்தால் அணிகளும் அழியும். பேக்கப் பொத்தானை அழுத்தினால் எல்லா அணிகளும் வெறும் எழுத்தாக வரும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். வேறு கருவியில் இம்போர்ட்டில் ஒட்டினால் ஈ.வி. முதல் நேச்சர் வரை அப்படியே வந்து நிற்கும்.