சீனாவில் காலேஜ் டீச்சர் வேலை என்று சொல்லி 2,80,000 ரூபாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள். பணம் கட்டும் முன் படியுங்கள்

ஊர் திரும்பி இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆத்திரம் அடங்கவில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்றால், அதற்குள் இன்னும் நாலு பேர் பணம் கட்டிவிடுவார்கள். அதனால் இப்போதே எழுதுகிறேன். எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

2,80,000 ரூபாய். அம்மாவின் ஆரத்தை அடகு வைத்ததும், நான் கட்டி வந்த சீட்டைத் தள்ளி எடுத்ததும் சேர்த்து வந்த பணம். வாங்கியது வெளிநாட்டுக் கல்லூரிகளில் ஆசிரியர் வேலை வாங்கித் தருவதாக ஆன்லைனில் விளம்பரம் செய்யும் ஒரு ஏஜென்சி. சென்னையில் ஆபீஸ், சீனாவில் பார்ட்னர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன், வக்கீல் சொன்னதால் பெயரை இங்கே போடவில்லை.

நான் எம்.ஏ. ஆங்கிலம். இன்ஜினியரிங் காலேஜில் பல வருஷம் கம்யூனிகேஷன் பேப்பர் எடுத்தவள். நம் ஊர் தனியார் காலேஜ் சம்பளம் எப்படி என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். விளம்பரத்தில் மாதம் 9,000 யுவான், கேம்பஸிலேயே வீடு, வாரம் 16 பீரியட், முதலாண்டு மாணவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று இருந்தது. ஒரு யுவான் ஏறக்குறைய 12 ரூபாய். கணக்குப் போட்டால் லட்சம் ரூபாய் தாண்டுகிறது. இந்தியர்களை எடுப்பார்களா என்று நான்தான் முதலில் கேட்டேன். "நம்ம ஊர் டாக்டர்ஸ் எத்தனை பேர் அங்க மெடிக்கல் காலேஜ்ல கிளாஸ் எடுக்கறாங்க, அக்கா" என்று பதில் வந்தது. அது உண்மைதான். ஆனால் மருத்துவம் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு விதி, ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்கு வேறு விதி. அதை அவர்கள் சொல்லவே இல்லை.

என்னோடு பேசிய பையன் முதல் நாளிலிருந்தே "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் என்பான். அம்மாவின் உடம்பைப் பற்றியெல்லாம் விசாரிப்பான். 50,000 பதிவுக்கட்டணம் கட்டியதும் ஒரு வீடியோ கால் ஏற்பாடு செய்தான். சீனாவில் இருக்கும் ஒருவர் கேம்பஸுக்குள் நடந்தபடியே பேசினார். பேஸ்கட்பால் கோர்ட், கேன்டீன், வெந்நீர் பிடிக்க வண்ணவண்ண பிளாஸ்குகளோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகள், மூன்றாம் மாடியில் ஒரு காலி வகுப்பறை. "இதுதான் உங்கள் ரூம்" என்று கரும்பலகையைக் காட்டினார். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இரண்டு நாளில் வேலை ஆர்டர் என்று ஒரு கடிதம் வந்தது. முழுக்கச் சீன எழுத்து. கீழே வட்டமான சிவப்பு முத்திரை, நடுவில் ஐந்துமுனை நட்சத்திரம். அந்த முத்திரையைப் பார்த்த பிறகு வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்றைக்கே 1,30,000 அனுப்பினேன். டிக்கெட் போடும் முன் மீதி ஒரு லட்சம். ஆக மொத்தம் 2,80,000.

விசா கைக்கு வந்தபோது அதில் எம் என்று இருந்தது. வேலை விசா இசட் ஆயிற்றே என்று கேட்டேன். "அங்க போய் மாத்திக்கலாம் அக்கா, எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றான். அக்டோபர் லீவு முடிந்ததும் சேர வேண்டும், நீங்கள் வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று அவசரப்படுத்தினான்.

எம் விசா வியாபார விசா. அதை வைத்துக்கொண்டு சீனாவில் வேலை செய்யவே கூடாது. பல்கலைக்கழகம் உங்கள் பெயரில் வேலை அனுமதி அறிவிப்பு வாங்கி அனுப்பும். அதைக் காட்டித்தான் இங்கே இசட் விசா எடுக்க வேண்டும், அங்கே இறங்கி 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். முறை இதுதான். அதோடு மொழி ஆசிரியர் என்றால், அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும், பட்டமும் இரண்டு வருஷ அனுபவமும் வேண்டும் என்பது அங்கே பொது விதி. விலக்குகள் கொஞ்சம் உண்டு. என்னைப் போல இந்தியாவிலேயே படித்து இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழியும் மிகக் குறுகல். தினமும் இதே தொழில் செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் எம் விசாவில் ஏற்றி அனுப்பினார்கள்.

கோலாலம்பூர் வழியாகக் குவாங்சோ, அங்கிருந்து அதிவேக ரயிலில் பல்கலைக்கழகம் இருக்கும் ஜெங்ஜோ. கேம்பஸில் வீடு இல்லை. வெளியே ஒரு அடுக்குமாடியில் இன்னும் இரண்டு பேரோடு தங்க வைத்தார்கள். ஹோட்டல் இல்லாத இடத்தில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீசில் பதிய வேண்டும். அதையும் செய்து தரவில்லை.

ஆனால் வகுப்பு நிஜம். பிள்ளைகளும் நிஜம். அதை நினைத்தால்தான் வயிறு இன்னும் எரிகிறது. லக்கி, சம்மர் என்று தங்களுக்குத் தாங்களே ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு வந்து உட்காரும் பிள்ளைகள். எல்லோருக்கும் டிசம்பரில் வரும் சிஇடி-4 என்ற, சீனக் கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கிலப் பரீட்சையைப் பற்றித்தான் கவலை. 710க்கு 425 எடுத்தாக வேண்டும் என்று படித்துப் படித்து, காகிதத்தில் பிரமாதமாக எழுதுவார்கள், வாய் திறக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் பேசு, என்னிடம் வேண்டாம் என்று விட்டுப்பார்த்தேன். மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருந்தால் அந்த வகுப்பு எங்கேயோ போயிருக்கும்.

சிம் கார்டு வாங்க உதவிக்கு வந்த வகுப்புத் தலைவி என் ஃபைலில் இருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், முத்திரையில் இருப்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை" என்றாள். விரலை முத்திரையின் ஓரமாக நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினாள். குவாங்சோவில் உள்ள ஏதோ ஒரு வர்த்தகக் கம்பெனி. வியாபாரம் பேச வாருங்கள் என்று அந்தக் கம்பெனி கொடுத்த அழைப்பிதழைத்தான் எனக்கு வேலை ஆர்டர் என்று காட்டியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு விவகார அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். வேலை அனுமதி எங்கே என்றார்கள். "பேப்பர் வந்துகொண்டிருக்கிறது" என்றே ஏஜென்சி அவர்களிடமும் சொல்லி வந்திருக்கிறது. என் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரிக்கு முகமே மாறிவிட்டது. அனுமதியில்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், தீவிரமானால் 5 முதல் 15 நாள் வரை காவலில் வைப்பார்கள், 2013-லிருந்து நடப்பில் இருக்கும் சட்டம் என்று மொபைலில் மொழிபெயர்த்துக் காட்டினார். இன்றைக்கே வகுப்பை நிறுத்துங்கள், சீக்கிரம் ஊருக்குப் போங்கள் என்றார். அவர் நல்ல மனிதர், விஷயத்தைப் போலீஸ் வரை கொண்டுபோகவில்லை. சம்பளம் கேட்டதற்கு, ஏஜென்சிக்கு அனுப்பியாகிவிட்டது என்று கணக்கைக் காட்டினார்.

இனிதான் அசல் கூத்து. சீனப் பக்கத்து ஆளுக்கு வீசாட்டில் எழுதினால், "பல்கலைக்கழகம் இன்னும் பணம் தரவில்லை" என்று பதில். ஸ்க்ரீன்ஷாட் போட்டேன். "ஃபைனான்ஸ் டீம் பார்க்கிறது." மறுநாள், "சென்னை ஆபீஸிடம் கேளுங்கள்." சென்னைக்குப் போன் செய்தால், "விசா விஷயம் சீனா டீம் பார்ப்பது மேடம்." தம்பி மாதிரி பேசியவன் போனை எடுப்பதே இல்லை. கடைசியில் அவனிடமிருந்து ஒரு மெயில் வந்தது, "டியர் கேண்டிடேட்" என்று ஆரம்பித்து. ரீஃபண்டுக்கு 45 வேலை நாள் ஆகும் என்றான். அதற்கும் ஒப்புக்கொண்டேன். பிறகு இன்னொரு மெயில், ரீஃபண்ட் கிடையாது என்று.

ஏன் கிடையாதாம்? ரசீதை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று ரசீதிலும் "பயிற்சிக் கட்டணம்" என்று போட்டிருக்கிறது. ஆரம்பத்தில் 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்கான) சான்றிதழ் என்று ஆன்லைனில் ஒரு கோர்ஸ் கொடுத்தார்கள். வேலைக்கான சலுகை, இலவசம் என்றார்கள். இப்போது என்னடா என்றால், 2,80,000 ரூபாயும் அந்தக் கோர்ஸுக்குத்தானாம், கோர்ஸை நீங்கள் முடித்துவிட்டீர்கள், எங்கள் சேவை நிறைவேறிவிட்டது என்கிறார்கள். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள். முதல் ரூபாய் வாங்கும்போதே திருப்பித் தராமல் இருக்க வழி பண்ணிவிட்டார்கள்.

என் சொந்தத் தம்பியிடம் கடன் வாங்கித் திரும்பி வந்து நேரிலேயே ஆபீஸுக்குப் போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண், "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்றாள். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். சார் வரவே இல்லை. என் கண் முன்னாலேயே ஒரு அப்பாவும் மகளும் வந்து பதிவுக்கட்டணம் கட்டினார்கள். அவர்களிடம் பேசப் போனேன், செக்யூரிட்டியை விட்டு என்னை வெளியே அனுப்பினார்கள்.

சரி, சரிபார்க்க வேண்டியவை. விரிவாக எழுத இப்போது தெம்பில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். இசட் விசா இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். எம், எஃப், எல் என்று வேறு எந்த வகை விசா கொடுத்தாலும் அதில் வேலை செய்ய முடியாது, போய் மாற்றலாம் என்பதை நம்பாதீர்கள். வேலை அனுமதி அறிவிப்பில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று சீனம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் வெளிநாட்டு விவகார அலுவலகத்தின் நம்பர் இருக்கும், நீங்களே பேசுங்கள், ஏஜென்ட் தரும் நம்பரில் பேசாதீர்கள். ரசீதில் எதற்கான பணம் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். என்னிடம் வாங்கியது 2,80,000.

கடந்த ஓரிரு நாளில் ஆன்லைனில் பணம் அனுப்பியவர்கள் யாராவது இதைப் படித்தால், உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க முடியும். பிப்ரவரி செமஸ்டருக்கு ஆள் எடுக்கிறோம் என்று இன்று காலையும் அதே விளம்பரம் வந்திருக்கிறது. அதே கேம்பஸ் வீடியோ, அதே மூன்றாம் மாடி வகுப்பறை. அதே ஏஜென்சியிடம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், என் புகாரோடு உங்கள் புகாரையும் சேர்த்துக் கொடுக்கலாம்.