1922 ‘நோ டி’ சென்ட்: ‘வீக் ஸ்ட்ரைக்’ என்ற வரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

லிங்கன் வீட் சென்ட் (தலைப்பக்கம் லிங்கன், பின்பக்கம் கோதுமைக் கதிர் உள்ள பழைய அமெரிக்க ஒரு சென்ட் காசு) சேர்ப்பவர்கள் கவனத்துக்கு. ஆன்லைனில் இரண்டு காசுகள் ஒரே லாட்டாக வந்தன. ஒன்று 1922 ‘நோ டி’, அதாவது டென்வர் நாணயச்சாலையின் அடையாள எழுத்தான டி இல்லாதது, தரம் எக்ஸ்.எஃப் 40 (கொஞ்சமே தேய்ந்தது). இன்னொன்று 1925 எஸ் (எஸ் என்பது சான் பிரான்சிஸ்கோ), தரம் எம்.எஸ் 62 (புழங்காதது). விளக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வரி: “வீக் ஸ்ட்ரைக் (அடிக்கும்போதே மங்கலாக விழுந்தது), தேய்மானம் கிடையாது.” கைக்கு வந்ததும் பார்த்தால் முதல் காசில் டி இருக்கிறது, இரண்டாவதில் தேய்மானம் இருக்கிறது. காசை வைத்து அனுப்பிய அட்டையைப் பிரித்துவிட்டதாகச் சொல்லி, விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அவர் பெயர் இங்கே வேண்டாம். இதே வரியைப் போட்டு விற்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால், காசை எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்கிறோம்.

முதலில் 1922. அந்த ஆண்டு சென்ட் அடித்தது டென்வர் நாணயச்சாலை மட்டும்தான், மொத்தம் 71,60,000. பிலடெல்பியா வெள்ளி டாலர் அடிப்பதில் மூழ்கியிருந்தது. ஆகவே 1922 சென்ட் எல்லாவற்றிலும் ஆண்டெண்ணுக்குக் கீழே டி இருந்தாக வேண்டும். பிலடெல்பியா சென்ட்டில் எழுத்து இருக்காது என்பதை வைத்து, “டி இல்லையா, அப்போது பிலடெல்பியா காசு” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

டி காணாமல் போனதற்கு இரண்டு வழிகள் உண்டு, விலை வித்தியாசமெல்லாம் இதில்தான். அச்சுகளை அளவுக்கு மீறி ஓட்டியதில் அவை தேய்ந்தன, டி இருந்த குழியில் அழுக்கும் கிரீஸும் அடைத்துக்கொண்டன. அப்படி வந்த காசுகளில் டி மங்கலாக, நிழல் போலத் தெரியும். இதைத்தான் ‘வீக் டி’ என்கிறார்கள். இன்னொன்று, சேகரிப்பாளர்கள் ‘இரண்டாம் ஜோடி’ என்று சொல்லும் அச்சு. இடையில் வில்லை (அடிப்பதற்கு முந்தைய வெற்று உலோகத் தட்டு) இல்லாமல் இரண்டு அச்சுகளும் மோதிக்கொண்டன, மோதிய தடத்தைப் போக்கத் தலைப்பக்க அச்சைத் தேய்த்தபோது டி அடியோடு போய்விட்டது, பின்பக்கத்துக்கு மட்டும் புது அச்சு போட்டார்கள் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அதனால் இந்தக் காசில் தலைப்பக்கம் மங்கல், பின்பக்கம் கூர்மை. அடிமட்டத் தரத்தில்கூட இது சில நூறு டாலர் போகும். அதே தரத்து ‘வீக் டி’ சில பத்து டாலருக்குக் கிடைக்கும்.

இரண்டாம் ஜோடியைக் கண்டுபிடிக்க 10 மடங்கு லென்ஸ் போதும். ஆண்டெண்ணில் கடைசி 2, அதற்கு முந்தைய 2-ஐ விடக் கூர்மையாக இருக்கும். மேலே உள்ள வாசகத்தில் ‘டிரஸ்ட்’ என்ற சொல் தெளிவாக இருக்கும். பின்பக்கத்தில் கோதுமைக் கதிரின் கோடுகள், காசு புழங்கித் தேய்ந்த அளவைத் தவிர, வேறு எந்த மங்கலும் இல்லாமல் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் கணக்கு.

விற்கப்பட்ட காசில் பின்பக்கம் குழைந்து போயிருந்தது. கதிர்க் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இதுவே போதும், இரண்டாம் ஜோடி இல்லை என்று சொல்ல. அறை விளக்கை அணைத்து, ஒரே ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, காசை மெதுவாகச் சுற்றியபோது, ஒரு கோணத்தில் டி-யின் வளைந்த வலது முதுகு ஒரு கீற்றாக எழுந்து நின்றது. விற்பனைப் படத்திலோ வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்திருந்தது. அப்படி எடுத்தால் இவ்வளவு தாழ்ந்த மேடு நிழலே போடாது. தெரியாமல் எடுத்த படம் என்று நம்புவது கஷ்டம்.

இதைவிட மோசமான வேலையும் உண்டு: சாதாரண 1922 டி காசில் டி-யைச் சுரண்டி எடுத்துவிடுவது. பின்பக்கம் கூர்மையாக இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம். சுரண்டிய காசில் இரண்டு 2-களும் ஒரே அளவு கூர்மையாக இருக்கும், அதுவே காட்டிக்கொடுக்கும். ஆண்டெண்ணின் கீழே மெல்லிய இணைக்கோடுகள், லேசான பள்ளம், சுற்றியுள்ள நிறத்தோடு ஒட்டாத திட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். எடை போட்டுப் பயனில்லை. 3.11 கிராம் காசில் டி-யைச் சுரண்டினால் குறைவது தராசுக்குத் தெரியாது.

இனி 1925 எஸ். 1920களின் டென்வர், சான் பிரான்சிஸ்கோ சென்ட்டுகள் மங்கலாக அடிபட்டவை என்பது உண்மைதான், 1925 எஸ் அதில் பேர் போனது. விற்பவர்கள் அந்த உண்மையைத்தான் போர்வையாக்குகிறார்கள். காசில் உயரமான இடங்கள் லிங்கனின் கன்ன எலும்பும் தாடையும். அவை அச்சில் ஆழமான இடங்கள், உலோகம் கடைசியாகப் போய் நிரம்புவது அங்கேதான். அழுத்தம் குறைந்தாலும் அந்த இடங்கள்தான் தட்டையாகும், புழங்கித் தேய்ந்தாலும் அவைதான் தட்டையாகும். தட்டையாக இருக்கிறதே என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பார்க்க வேண்டியது அந்தத் தட்டையின் மேற்பரப்பை. உலோகம் நிரம்பாமல் போன இடத்தில், அடிப்பதற்கு முன் வில்லையில் இருந்த பொடிப்பொடிக் கீறல்களும் குழிகளும் அப்படியே தங்கியிருக்கும். லிங்கனின் தோளிலும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் ‘ஒன்’ என்ற சொல்லின் ‘ஓ’ எழுத்திலும் இது நன்றாகத் தெரியும். விளக்கின் கீழ் சாய்த்தால் பளபளப்பு களத்திலிருந்து (உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றுப் பரப்பு) கன்னத்தின் மேல் ஏறி மறுபக்கம் அறுபடாமல் ஓடும். தேய்ந்த இடத்தில் பளபளப்பு நின்றுவிடும், அங்கே மட்டும் வழவழப்பாக, மங்கிய பழுப்பாக இருக்கும். வந்த காசில் கன்னமும் தாடையும் அப்படித்தான் இருந்தன, கதிர்களின் முதுகும் அதே நிறம். ஏ.யு 50-க்கு (லேசாகப் புழங்கிய காசின் தரம்) மேல் போட வழியில்லை.

தேய்ந்த அச்சு இன்னொரு ரகம். களத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் கோடுகள், ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, விளிம்புப் பக்கம் இழுபட்டு மீன் வாலாகப் பிளந்த எழுத்தடிகள். இவை இருந்து பளபளப்பும் இருந்தால் காசு புழங்காததாகவே இருக்கலாம். இவை எதுவும் இல்லாமல் “அச்சு தேய்ந்தது” என்றால் நம்பாதீர்கள். அந்த 1922 காசையும் ‘பின்பக்கம் அச்சுக் கோளாறு, தலைப்பக்கத்தை வைத்துத் தரம் போட்டோம்’ என்றார்கள். அச்சு தேய்ந்த காசுக்கு அது நியாயமான முறைதான். ஆனால் அதில் தலைப்பக்கத்துக் காதும் முடியும் மழுங்கி, விளிம்பும் கரைந்திருந்தது. புது அச்சில் அடித்திருந்தாலும் அது வி.ஜி 8, அதாவது நன்றாகத் தேய்ந்த காசு.

வாங்குவதற்கு முன் ஆண்டெண்ணின் நெருக்கப் படம் மூன்று கேளுங்கள்: இடது, வலது, கீழ் என வெளிச்சம் தாழ்வாக விழ வேண்டும். பின்பக்கம் முழுதாக ஒரு படம். தர மறுத்தால் வாங்காதீர்கள். காசு தரச்சான்று நிறுவனம் மூடி முத்திரையிட்ட உறையில் இருந்தால், லேபிளில் ‘நோ டி, ஸ்ட்ராங் ரிவர்ஸ்’ (பின்பக்கம் கூர்மை) என்று இருக்கிறதா என்று படியுங்கள். ‘வீக் ரிவர்ஸ்’ (பின்பக்கம் மங்கல்), ‘வீக் டி’ இரண்டும் வேறு விலை. சான்று எண்ணை, சான்று தந்த பி.சி.ஜி.எஸ் அல்லது என்.ஜி.சி நிறுவனத்தின் தளத்தில் போட்டு, படம் இருந்தால் காசோடு ஒப்பிடுங்கள். உறையே போலியாக வருகிறது.

திருப்பி அனுப்பும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள், “அட்டை பிரித்தால் செல்லாது” என்ற வரி இருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். அட்டையின் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றும் முன்பே, பிளாஸ்டிக் வழியாகவே விளக்கைச் சாய்த்துப் படம் எடுத்துவிடுங்கள். டி அதிலேயே தெரிந்துவிடும், அட்டையும் பிரியாமல் இருக்கும்.