நெல் ஆலையில் ரி.பி.எம்.: சில போகங்கள் கழித்து ஓர் அனுபவப் பகிர்வு

எங்கள் ஆலையில் நெல்லை வாளிகளால் மேலே ஏற்றும் பிரதான எலிவேற்றர் சென்ற வாரம், வாசலில் நெல் லொறிகள் வரிசையில் நின்ற வேளையில், நின்றுபோனது. காரணம் மேல் தண்டின் பெயாரிங். யூ.சி.பி. 208 என்று இலக்கம் சொல்லிக் கேட்டால் பெயாரிங் விற்கும் எவருக்கும் விளங்கும். 40 மில்லிமீற்றர் தண்டுக்கான மிகச் சாதாரணமான பாகம். அது அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பதை அந்த இயந்திரத்தைப் பார்க்கும் பணியாளர் அறுவடை தொடங்குவதற்கு முன்பே கண்டுபிடித்து, சிவப்பு அட்டையில் திகதியோடு எழுதி, பெயாரிங்குக்கு அருகிலேயே கட்டியிருந்தார். உடைந்த பாகத்தைக் கழற்ற ஏறியவர்கள் உமித்தூசி படிந்த அந்த அட்டையையும் சேர்த்துத்தான் கீழே கொண்டுவந்தார்கள். கோபம் தணிந்தபின் எழுதுவதே முறை என்று தெரியும்; ஆனால் தணிந்தபின் எழுதினால் சொல்ல வேண்டியதில் பாதியை நாகரிகம் கருதி விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

ரி.பி.எம். என்பது, இயந்திரம் உடையுமுன்பே அதன் குறையைப் பணியாளர் முதல் முகாமைத்துவம் வரை எல்லோரும் சேர்ந்து கண்டு நீக்கும் முழுமையான உற்பத்திசார் பராமரிப்பு. அதன் எட்டுத் தூண்கள் எவை என்பதை இங்கே விளக்கப் போவதில்லை. பயிற்சிக்குப் போன எவரும் அந்தக் கோயில் போன்ற படத்தைப் பார்த்திருப்பார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: இது ரொயோற்றாக் குழுமத்தைச் சேர்ந்த நிப்பொன் டென்சோவில் உருப்பெற்று, 1971இல் அந்த நிறுவனத்துக்கு விருதும் பெற்றுத் தந்து, பின்னர் செய்ச்சி நகாஜிமாவினால் உலகெங்கும் பரப்பப்பட்ட முறை, அதாவது ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் வாகன உதிரிப்பாக உற்பத்திக்குப் பொருந்திப் பிறந்தது. கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்று போகத்தோடு ஓடுவது. பெரும்போக அறுவடை தை மாதக் கடைசியில் சூடு பிடித்துப் பங்குனி வரை நீளும். சிறுபோக நெல் ஆடி, ஆவணியில் வந்து குவியும். அந்த மாதங்களில் இயந்திரத்தை நிறுத்துவது பற்றிப் பேசுகிறவரை எவரும் ஆலைக்கு வேண்டியவராகப் பார்ப்பதில்லை. எஞ்சிய காலத்திலோ ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு என்று போகும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உண்மையிலேயே நல்லது. பணியாளரே தம் இயந்திரத்தைப் பராமரிக்கும் ஜிஷு ஹோசென் என்ற பகுதிக்கு ஏழு படிகள் உண்டு. முதற்படி தொடக்கத் துப்புரவு. இதைக் கேள்விப்பட்டபோது ஆலையில் பலரும் சிரித்தார்கள், ஏனெனில் பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் மாட்டியிருக்கும் இடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கச் சொல்லும் ஐந்து எஸ் பதாகைகளைப் பார்த்துப் பார்த்து, துப்புரவு என்றால் விருந்தினர் வருமுன் தரையைக் கூட்டுவது என்ற எண்ணம் எல்லோருக்கும் ஊறிப்போயிருந்தது. நாங்கள் பெரும்போகத்துக்கு முந்திய ஓய்வுக் காலத்தில் பிரதான ஆளியை நிறுத்திப் பூட்டி, திறப்பை மேற்பார்வையாளரின் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இயந்திரத்தின் மூடியையும் கழற்றிக் கையால் துடைக்கத் தொடங்கினோம். கையால் துடைப்பதுதான் இதில் முக்கியம். காற்றுக் குழாயால் ஊதிவிட்டால் தூசி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகுமே தவிர, கண்ணுக்கு எதுவும் அகப்படாது; துணியோடு விரல் போகும்போதுதான் வெடிப்பும் தளர்ச்சியும் தட்டுப்படும்.

எலிவேற்றரின் அடிக்குழியில், எந்தப் போகத்தினது என்று எவராலும் சொல்ல முடியாத நெல் கல்லாக இறுகி, அந்துப்பூச்சிகளுக்குக் குடியிருப்பாகியிருந்தது. பட்டியில் வாளிகளைப் பிடிக்கும் போல்ட்டுகள் பல இடங்களில் இல்லை. கல் நீக்கியின் சல்லடைத் தட்டைத் தாங்கும் இரும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தெரிந்தது. அரிசியைத் தீட்டும் பொலிஷரின் அடித்தள நட்டு ஒன்று விரலால் சுழற்றுமளவுக்குத் தளர்ந்திருந்தது. அந்தப் பொலிஷர் அதிர்வது அதன் பிறவிக் குணம் என்றுதான் அதுவரை நம்பியிருந்தோம். உமிக் குழாயின் வளைவில் இருந்த துளையை யாரோ சாக்குத் துணியால் கட்டியிருந்தார்கள். கட்டியவர் இப்போது கத்தாரில் இருக்கிறார் என்பது விசாரித்ததில் தெரிந்தது.

இரண்டாம் படி இன்னும் எனக்குப் பிடித்தது. அழுக்கைத் துடைத்துக்கொண்டே இருப்பதை விட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்வது அந்தப் படி. நெல் ஆலையில் இந்தக் கேள்விக்குப் பெறுமதி அதிகம். உமியில் சிலிக்கா நிறைந்திருக்கிறது; எரித்த பின் எஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி அதுதான். ஆகவே ஆலைக்குள் பறக்கும் தூசி, குழாயின் உட்புறத்தைத் தேய்த்து, பெயாரிங்கின் அடைப்பைக் கடந்து உள்ளே போய், மோட்டரின் குளிர்விக்கும் செதில்களில் படிந்து அதைச் சூடாக்கும் பொருள். நாங்கள் பழைய றப்பர்ப் பட்டித் துண்டுகளை வெட்டி, நெல் மோதித் தேயும் வளைவுகளின் உட்புறத்தில் பதித்தோம். காற்றுக் குழாய்களின் இணைப்புகளுக்குச் சரியான அடைப்புத் தகடு வைத்தோம். அடிக்குழிக்குத் திறந்து மூடக்கூடிய சிறு கதவு ஒன்றை உள்ளூர் வெல்டிங் கடையில் செய்வித்தோம். செலவு என்று பேசுமளவுக்கு எதுவும் ஆகவில்லை. துப்புரவுக்கு வேண்டிய நேரம் கணிசமாகக் குறைந்தது. மோட்டர்களின் மேல் கை வைத்துப் பார்க்க முடிந்தது. கவடு போட்டு ஏறிப் பார்க்க வேண்டிய இடங்களை நின்ற நிலையிலேயே பார்க்க முடிந்தது.

அதற்கு மேல் எதிர்பாராத இன்பம் ஒன்றும் உண்டு. ஒரு விடயத்தை ஒரே தாளில் எழுதிக் கற்பிக்கும் ஒற்றைப் பாடத் தாள் என்ற ஏற்பாட்டை நான் ஆரம்பத்தில் பொருட்படுத்தவில்லை. பொலிஷர் பார்க்கும் காக்கா (அண்ணன்), பேசுவதற்கே கூச்சப்படுபவர், மோட்டரின் சுழற்சியை இயந்திரத்துக்குக் கடத்தும் வி பட்டிகளில் ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றக் கூடாது, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும் என்பதைப் பேனையால் படம் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். புதிய பட்டி இறுக்கமாகவும் பழையவை தளர்ந்தும் இருந்தால் பாரம் முழுவதையும் புதியது சுமந்து விரைவில் போய்விடும் என்பதை அவர் இரண்டே வரியில் சொல்லியிருந்தார். பல ஆண்டுகளாக அவர் தலைக்குள் மட்டும் இருந்த அறிவு இப்போது சுவரில் இருக்கிறது. புதிதாக வரும் இளைஞர்கள் அதைப் படிக்கிறார்கள். நெல்லின் உமியை நீக்கும் றப்பர் றோல்களில் வேகமாகச் சுழல்வது முதலில் தேயும் என்பதால் இரண்டையும் காலத்துக்குக் காலம் இடம் மாற்ற வேண்டும் என்ற தாளும் அவருடையதே. கிறீஸ் இடுவதற்கான நியமமும் இப்படித்தான் உருவானது: எந்தப் பெயாரிங்குக்கு எந்த வகை, எத்தனை அழுத்து என்று எழுதி ஒட்டும் வரை, அன்பு மிகுதியால் கிறீஸைத் திணித்துப் பெயாரிங்கைச் சூடாக்கும் பழக்கம் எங்களிடம் இருந்தது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். எங்கள் ஆலையில் இரண்டு நிற அட்டைகள். பணியாளர் தாமே சரிசெய்யக்கூடிய குறைக்கு வெள்ளை. மெக்கானிக், வெளியாள் அல்லது புதிய பாகம் தேவைப்படும் குறைக்குச் சிவப்பு. வெள்ளை அட்டைகள் வந்த வேகத்திலேயே கழன்றன, ஏனெனில் அவற்றுக்கு வேண்டியது நட்டு முறுக்கும் ஒரு சாவியும் சிறிது நேரமும் மட்டுமே. சிவப்பு அட்டைகள் தொங்கின. முதல் மாதத்தில் தொங்கின. போகம் முடிந்தும் தொங்கின. சிவப்பு அட்டை என்பது முகாமைத்துவம் பணியாளரிடம் எழுதிக் கொடுத்த கைமாற்றுச் சீட்டு. நீ கண்ணால் உழைத்துக் கண்டுபிடித்துத் தா, நான் காசால் திருப்பித் தருகிறேன் என்பதே அதில் உள்ள வாக்கு. திருப்பித் தராதவருக்கு இரண்டாம் முறை யாரும் கைமாற்றுக் கொடுப்பதில்லை. அப்படித்தான் எங்கள் பணியாளர்களும் மெல்ல மெல்லச் சிவப்பு அட்டை எழுதுவதை நிறுத்தினார்கள். சிலர் சிவப்புக்குரிய குறையை வெள்ளையில் எழுதி, கம்பியால் கட்டி, சரிசெய்ததாகக் குறித்தார்கள். அட்டைகளின் தொகை குறைந்தது. பலகையில் வரைபடம் அழகாக இறங்கியது. பார்வையாளர் வருகிற நாட்களில் பழைய திகதியிட்ட அட்டைகள் முன்கூட்டியே கழற்றப்பட்டு, அவர்கள் போனபின் மறுபடி கட்டப்பட்டதும் உண்டு. இயந்திரத்தின் குறையை வெளியே கொண்டுவரப் பிறந்த அட்டை, குறையை ஒளிக்கும் வேலைக்குப் போனதைப் பார்த்துக்கொண்டிருப்பது எரிச்சலுக்கும் அப்பாற்பட்டது.

முதலாளியின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், அதன்பின் நெல் குறைந்ததும், 2022இல் நீண்ட மின்வெட்டுகளும் டொலர்த் தட்டுப்பாடும் வந்ததும் இந்தக் கரையோரத்தில் எவருக்கும் மறக்காது. காலையில் கேட்ட பாகத்தின் விலை மாலையில் வேறாக இருந்த காலம் அது. ஒரு பாகத்தை அது சாகும் வரை பயன்படுத்துவதே அப்போது சாமர்த்தியமாக இருந்தது; அந்தப் பழக்கம் கையை விட்டு இலேசில் போவதில்லை. மேலும், ஓடிக்கொண்டிருக்கும் பெயாரிங்கைக் கழற்றிப் புதியது போடச் சொல்வது, கணக்குப் பார்க்கிற ஒருவருக்கு வீண் செலவாகத்தான் தோன்றும். கல்முனையில் கிடைக்காத பாகத்தைத் தொலைபேசியில் சொன்னால் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள் என்ற தைரியமும் அவருக்கு உண்டு. ஆனால் பஸ் விடியும் வரை வராது. வந்தாலும் எலிவேற்றரின் மேல் தளத்தில் தண்டை இழுத்து வைத்து வேலை செய்ய நேரம் வேண்டும். அதுவரை அவித்த நெல் தொட்டியில் காத்திருக்காது. உமித்தூசி பறக்கும் இடத்தில் கொதிக்கும் பெயாரிங் ஒன்றை வைத்திருப்பது தீயோடு விளையாடுவது என்பதையும் நான் எழுத்தில் கொடுத்திருந்தேன்.

ஒட்டுமொத்த இயந்திர வினைத்திறன் என்ற ஓ.ஈ.ஈ. இலக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. கிடைப்பு (ஓட வேண்டிய நேரத்தில் இயந்திரம் ஓடிய பங்கு) 90, வேகம் 95, தரம் 99 சதவீதம் என்று பெருக்கினால் ஏறக்குறைய 85 வரும். அதுவே உலகத் தரம் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். நெல் ஆலையில் உடைந்த அரிசியான குறுநொய் கூடினால் தரம் என்ற எண் விழும், ஆனால் அந்தக் குறுநொய்க்கு இயந்திரத்தைவிட, 14 சதவீத ஈரப்பதத்துக்குச் சீராகக் காயாமல் வந்த நெல்லே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மின்வெட்டைக் கணக்கில் சேர்ப்பதா, நெல் இல்லாத நாளைச் சேர்ப்பதா என்று வாதாடியே கூட்டம் முடியும். அந்த இலக்கத்தைக் கணிப்பதில் எனக்குக் கிடைத்த ஒரே பயன், யாரும் எழுதாத இரண்டு நிமிட, மூன்று நிமிட நிறுத்தங்கள் கூடினால் எவ்வளவு பெரியவை என்று தெரிந்ததுதான்.

ஒலுவில் பக்கம் ஐஸ் ஆலை நடத்தும் நண்பர் ஒருவர், தம் ஆலையிலும் இதை அறிமுகப்படுத்தலாமா என்று இந்த வாரம் கேட்டார். மேலே எழுதியதைப் படிப்பவர் நான் ஆம் என்று சொல்லியிருப்பேன் என்று எண்ணக்கூடும். வேண்டாம் என்றுதான் சொன்னேன். எங்கள் ஆலையில் காலைத் துப்புரவை நிறுத்த எவர் முயன்றாலும் நான் எதிர்ப்பேன், காக்காவின் தாள்களைச் சுவரிலிருந்து கழற்ற விடமாட்டேன், ரி.பி.எம். இல்லாத பழைய ஆலைக்குத் திரும்பிப் போவதையும் நினைக்க முடியவில்லை. இருந்தும் வேண்டாம் என்றேன். அவருடையது அமோனியாக் கொம்பிறசர். நெல் ஆலையில் கவனிக்கப்படாத சிவப்பு அட்டை எலிவேற்றரை நிறுத்தும். அமோனியா வால்வில் கவனிக்கப்படாத சிவப்பு அட்டை என்ன செய்யும் என்பது அவருக்கே தெரியும். கசிவைக் கண்ட பணியாளரை ஒருமுறை எழுதவைத்துப் பதில் சொல்லாமல் விட்டால், அடுத்த முறை அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாமல் போவார்.

அவர் விடவில்லை, பயிற்சியாளர் ஒருவரோடு ஏற்கெனவே பேசிவிட்டதாகச் சொன்னார். அப்படியானால் பலகையும் பதாகையும் செய்யக் கொடுப்பதற்கு முன், குறிப்பிட்ட தொகைக்குள் அடங்கும் பாகத்தைத் தம்மிடம் கேட்காமலே வாங்கும் அதிகாரத்தை மெக்கானிக்கிடம் எழுத்தில் கொடுக்கும்படியும், பெயாரிங், பட்டி, அடைப்பு ஆகியவற்றின் இலக்கங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றிலும் ஒன்றைக் களஞ்சியத்தில் வாங்கி வைக்கும்படியும், சிவப்பு அட்டை ஒன்று ஏழு நாட்களைக் கடந்தால் அதைக் கழற்றித் தம் மேசைக்குக் கொண்டுவரும் உரிமையைப் பணியாளருக்குக் கொடுக்கும்படியும் சொன்னேன். முதல் இரண்டுக்கும் உடனே தலையசைத்தார். மூன்றாவதை யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.