பின்னால் இடிபட்டால் காசு கொட்டும் என்று சொல்லி வருகிறவர்களிடம் கவனம்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் கார் ஓடுகிற எங்கட ஆட்களுக்காக எழுதுகிறேன். நிற்கிற காரைப் பின்னால் வந்து இடித்தால் பிழை இடித்தவருடையது. ஒன்ராறியோவின் பிழை தீர்மான விதிகளில் அது நூறு வீதம், அதில் வாதாட அநேகமாக ஒன்றும் இல்லை. இந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே பிழைக்கிறது. பிழை அவனுடையது, ஆகவே காசு உங்களுக்கு என்று அவர்கள் சொல்லும் இரண்டாம் பாதியைத்தான் நம்பக் கூடாது.

மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்ற மனைவியின் காரை ஒரு பிக்கப் இடித்தது. கழுத்திலும் இடது தோளிலும் நல்ல நோ. பொலிஸ் வர முதல் டோ ட்ரக் வந்துவிட்டது, இங்கே அது வழமைதானே. காரை ஏற்றிக்கொண்டே சாரதி ஒரு அட்டையை நீட்டினார். (2024-இலிருந்து, பொலிஸ் பணித்தால் தவிர, டோ ட்ரக்காரர் உங்கள் சம்மதம் இல்லாமல் காரைத் தூக்க முடியாது. எங்கே கொண்டுபோவது என்று சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.) அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்கு ஒருவர் வந்தார். தேத்தண்ணி குடித்தார், ஊர் எது, எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நேரா பின்னால இடிச்சிருக்கிறான். ஜூரிக்குப் போனா ஒரு லட்சத்துக்குக் குறையாது. அக்கா கையெழுத்தை மட்டும் வைச்சா சரி."

தான் "லோயர் ஒஃபிசிலிருந்து" வருவதாகச் சொன்னார். லோயர் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

அவர் அனுப்பிய பிஸியோ கிளினிக்கில் முதல் நாள் மட்டும் ஒரு தெரபிஸ்ட் பார்த்தார். பிறகு கழுத்தில் ஒரு சூட்டுப் பை, தோளில் மெஷினின் வயர், எதிரே ரீவியில் நாடகம். வெளியே வரும்போது வரவேற்பில் இருந்த பிள்ளை ஒரு தாளை நீட்டும். திகதிக்கான இடம் வெறுமையாக இருக்கும், கையெழுத்துப் போட வேண்டிய ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மஞ்சள் அம்புக்குறி ஒட்டியிருக்கும். "திகதியை நாங்கள் போடுவம், அன்ரி." கொஞ்ச மாதம் கழித்து எங்கள் சொந்தக் காப்புறுதிக் கம்பனியிலிருந்து செலவு விபரம் தபாலில் வந்தது. மனைவி வேலைக்குப் போன நாட்களில் எல்லாம் சிகிச்சை எடுத்ததாக அதில் இருந்தது. தைப்பொங்கல் அன்றும்!

கம்பனியின் காசுதானே, எங்களுக்கு என்ன என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உளுக்கு, தசைப்பிடிப்பு, சாதாரண கழுத்துக் காயம் எல்லாம் 'சிறு காயம்' என்ற வகைக்குள் போகும். அந்த வகைக்குச் சிகிச்சைக்கு மொத்தமாக 3,500 டொலர்தான். அதற்கு மேற்பட்ட காயம் என்று நிரூபித்தால் 65,000 வரை போகலாம், ஆனால் நிரூபிக்க வேண்டும். சூட்டுப் பைக்கும் நடக்காத சிகிச்சைக்கும் அந்த 3,500 போய்விட்டது. தோள் உண்மையாகவே இறுகி, கையைத் தூக்க முடியாமல் போன நேரத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை. வழக்கு என்று வந்தால், எதிர்ப்பக்கச் சட்டத்தரணி கிழித்துக் காட்டப்போவதும் நீங்கள் கையெழுத்து வைத்த அதே தாளைத்தான்.

இனி அந்த 'ஜூரி ஒரு லட்சம்' கதை. அமெரிக்காவில் யாருக்கோ மில்லியன் கிடைத்தது என்று வட்ஸப்பில் வருவதை ஒன்ராறியோவோடு சேர்க்காதீர்கள். இங்கே சிவில் வழக்கில் ஜூரி ஆறு பேர். வாகன வழக்குகளில் ஜூரி வேண்டும் என்று கேட்பது பெரும்பாலும் இடித்தவரின் காப்புறுதிப் பக்கம். அதிலேயே பாதி விளங்க வேண்டும். நோவுக்கும் துன்பத்துக்கும் ஜூரி தரும் தொகையில் சட்டம் ஒரு கழிவு வைத்திருக்கிறது. 2015 ஓகஸ்டில் அது 30,000-இலிருந்து 36,540 ஆனது, பிறகு வருடா வருடம் ஏறி 2025-இல் 46,790 டொலர். அந்தக் கணக்கில் ஜூரி 60,000 என்று தீர்ப்புச் சொன்னால் உங்கள் பக்கம் வருவது 13,210. நாற்பதாயிரம் என்றால் பூச்சியம். ஒன்றரை லட்சத்தையும் தாண்டிய பெரிய தொகைக்கு மட்டும் இந்தக் கழிவு இல்லை. இப்படி ஒரு கழிவு இருப்பதை ஜூரிக்குச் சொல்வதே இல்லை. அந்த ஆறு பேரும் நல்ல தொகை கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதோடு முடியவில்லை. காயம் நிரந்தரமானதா, பாரதூரமானதா, முக்கியமான ஒரு உடல் அல்லது மனச் செயற்பாட்டைப் பாதித்ததா என்பதை நீதிபதி தனியாகத் தீர்மானிப்பார். இல்லை என்று அவர் சொன்னால் ஜூரி நோவுக்குக் கொடுத்ததும் போச்சு. காப்புறுதிப் பக்கம் முன்பு எழுத்தில் தந்த தொகையைவிடத் தீர்ப்புக் குறைந்தால், அதற்குப் பிறகான அவர்களுடைய வழக்குச் செலவும் உங்கள் தலையில் விழலாம். கோயில் திருவிழாவில் பால்குடம் எடுத்த படத்தை முகநூலில் போட்டுவிட்டு, கையைத் தூக்க ஏலாது என்று ஜூரிக்கு முன் சொன்னால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. உண்மையான நோ உள்ளவர்களும் இதில் மாட்டுப்படுகிறார்கள். அதுதான் எனக்கு வயிறெரிச்சல்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நெடுநாள் சத்தமே இல்லை. போன் எடுத்தால் "ஃபைல் போய்க்கொண்டிருக்கு" என்பார்கள். திடீரென்று ஒரு நாள், இன்றைக்கே வந்து கையெழுத்து வையுங்கள், கேஸ் முடிகிறது என்றார்கள். வந்த தொகையில் சட்டக் கட்டணம் போனது. பிறகு மருத்துவ அறிக்கைகளுக்கு, ஃபைல் திறந்ததற்கு, ஃபோட்டோ கொப்பிக்கு, எங்களை ஒருபோதும் ஏற்றி இறக்காத 'போக்குவரத்துக்கு' என்று ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். மிச்சத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜூரி என்ற பேச்சையே காணவில்லை. கேட்டதற்கு, "அக்கா, ஜூரி எல்லாம் ரிஸ்க்" என்றார் அதே ஆள்.

அவசரப்படுத்தினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விபத்து நலன்களை (சிகிச்சை போன்றவற்றுக்கு உங்கள் சொந்தக் காப்புறுதி தருவதை) மொத்தமாக முடித்துக்கொள்ளும் உடன்படிக்கையை விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் செய்யக் கூடாது. அதற்குப் பிறகு செய்து கையெழுத்து வைத்தாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் எழுத்தில் விலகலாம். வென்றால் மட்டும் கட்டணம் என்கிற ஒப்பந்தத்துக்கு 2021 ஜூலையிலிருந்து சட்டச் சங்கம் (லோயர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு) வகுத்த ஒரே படிவம் இருக்கிறது. எத்தனை வீதம், செலவுகளை யார் ஏற்பது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். பிரதி தராவிட்டால் எழும்பி வாருங்கள். விபத்து நடந்தால் ஏழு நாளைக்குள் உங்கள் சொந்தக் காப்புறுதிக்கு நீங்களே அறிவியுங்கள், இடைத்தரகர் தேவையில்லை. இடித்தவர் மீது வழக்குப் போட பொதுவாக இரண்டு வருடம். போடப்போவதை 120 நாளைக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது, அதை விட்டுவிட்டுக் கடைசியில் ஓடாதீர்கள்.

ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையத்தளத்தில் லோயர், பராலீகல் (லோயர் அல்லாத, உரிமம் பெற்ற சட்டப் பணியாளர்) எல்லாருடைய பெயரும் தேடிப் பார்க்கலாம், இலவசம். உரிமம் இல்லாத ஆளுக்குக் கேஸ் பிடித்துத் தந்ததற்காகக் காசு கொடுக்கச் சட்டத்தரணிகளுக்கு அனுமதி கிடையாது. எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தவரின் பெயரைத் தேடினேன், இல்லை. சங்கத்துக்கு முறைப்பாடு எழுதியாயிற்று. கிளினிக்கைப் பற்றி, திகதி பிழையான செலவு விபரத்தையும் மனைவியின் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து, கிளினிக்குகளுக்கு உரிமம் கொடுக்கும் மாகாண நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் இதன் கீழே போடுகிறேன். உங்களுக்கும் திகதி இல்லாத தாள் நீட்டப்பட்டிருந்தால் காப்புறுதியிடம் செலவு விபரத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.