‘சால்மன் செட்’டை நம்பி 11,460 ரூபாய் போச்சு: தூண்டில் இழுக்கிற நம்ம ஆட்கள் உஷார்

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல் பக்கம் ஃபைபர் வள்ளத்தில் தூண்டில் இழுக்கிறவர்களும், ஞாயிற்றுக்கிழமையானால் நெல்லை, வள்ளியூரிலிருந்து கம்போடு கடலுக்கு வருகிறவர்களும் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். தூண்டில் சாமான் மட்டும் விற்கிற ஒரு ஆன்லைன் கடை எங்களிடம் 11,460 ரூபாயை வாங்கிக்கொண்டு குப்பையை அனுப்பியிருக்கிறது. நேற்று ராத்திரி நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

விளம்பரத்தில் ‘இந்தியன் சால்மன் செட்’ என்று போட்டிருந்தார்கள். முதல் ஏமாற்று அங்கேயே தொடங்குகிறது. இந்தியன் சால்மன் என்று வடக்கே விற்பது நம்ம காலா மீன். கலங்கல் தண்ணீரிலும் கழிமுகத்திலும் திரிகிற மீன் அது. நிஜ சால்மனுக்கும் அதற்கும் சொந்தமே கிடையாது. சால்மன் குளிர்ந்த கடல் மீன்; கனடா, அலாஸ்கா பக்கம் பசிபிக் கரையில் அதைப் பிடிக்கத்தான் ஃபிளாஷர் என்ற மினுக்குத் தகடு வந்தது. பதினொரு இஞ்ச் நீளப் பிளாஸ்டிக் தகடு, மேலே பளபளப்பு ஒட்டு, இரண்டு முனையும் எதிரெதிர்ப் பக்கமாக வளைந்திருக்கும். மணிக்கு நாலரை, ஐந்து கிலோமீட்டரில், அதாவது கரையில் எட்டி நடக்கிற வேகத்தில் இழுத்தால் அது முழு வட்டமாகச் சுற்றும். பின்னால் கட்டிய ரப்பர் கணவாய்க்குச் சொந்த ஆட்டம் எதுவும் இல்லை. தகடு சுற்றுகிற ஒவ்வொரு சுற்றிலும் வெடுக்கென்று இழுபட்டு நிற்கும், மறுபடி இழுபடும். மீனை உசுப்புவது அந்த வெட்டுதான். நம்ம பக்கம் லூரை, அதாவது போலி இரையை, மணிக்குப் பத்து கிலோமீட்டரில் இழுக்கிற மாதிரி இதை இழுத்தால் தகடு மேலே ஏறித் தாறுமாறாக அடிக்கும். ஆனால் செத்த மத்தியையோ அயிலையையோ கட்டி மெதுவாக நெய்மீனுக்கு இழுக்கிறபோது முன்னால் ஒரு மினுக்குத் தகடு போடுவதில் நியாயம் இருக்கிறது. அதற்காகத்தான் ஆர்டர்.

நம்ப வைத்தது போனில் பேசிய ஆள். ‘அண்ணாச்சி, என்ன எஞ்சின்? மெதுவா வச்சா எவ்வளவு ஸ்பீடுல நிக்கும்?’ என்று அவரே கேட்டார். ‘தகட்டுக்கும் கணவாய்க்கும் நடுவுல அரைப் பாகத்துக்குக் கொஞ்சம் கூட விடுங்க, அதுக்கு மேல போனா வெட்டு செத்துரும்’ என்றார். அது சரியான கணக்கு. அரைப் பாகம் என்றால் மூன்றடி. மூன்றடியிலிருந்து மூன்றரை அடி வரைதான் கணவாய்க்கு விடுவது. அதையும் கெட்டித் தங்கூசியில்தான் (தடித்த நைலான் நரம்பில்தான்) கட்ட வேண்டும், மெல்லிசு நரம்பு வெட்டை விழுங்கிவிடும். இதையெல்லாம் பிசகாமல் சொன்னார். ஒரு வீடியோவும் அனுப்பினார்: வள்ளத்து ஓரத்தில் தகடு அழகாக வட்டமடிக்கிறது. ‘திசையன்விளைதான் அண்ணாச்சி எங்க அம்மா ஊரு, நம்ம ஆட்களையே ஏமாத்துவனா?’ என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் யூபிஐயில் பணம் போனது. தகடு நான்கு, ஒன்று 1,450 வீதம் 5,800. முள்ளோடு கட்டிய ரப்பர் கணவாய் இருபது, 2,800. கம்பி லீடர் (மீன் பல்லுக்கு அறாதபடி முள்ளுக்கு முன்னால் கட்டுகிற கம்பி) இரண்டு சுருள், 1,560. பால் பேரிங் ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழன்று கொடுக்கிற இணைப்பு) 900. கூரியர் 400. மொத்தம் 11,460.

வந்த பெட்டியைப் பாருங்கள். தகடு பதினொரு இஞ்ச் இல்லை, எட்டு. கையால் அழுத்தினால் வளைகிற மெல்லிசு. இரண்டில் முனை வளைவு பெயருக்குத்தான் இருந்தது. அந்த இரண்டும் தண்ணீரில் சுற்றவே இல்லை, பக்கத்துக்குப் பக்கம் வாலாட்டிக்கொண்டே வந்தன. மற்ற இரண்டும் சுற்றின. ஆனால் பால் பேரிங் என்று 900 ரூபாய்க்குக் கொடுத்தது சாதாரணப் பித்தளை உருளை ஸ்விவல். இழுவை ஏறியதும் அது இறுகிக்கொள்ளும், திரும்பாது. தகட்டின் சுற்றெல்லாம் பெரிய நரம்பில் ஏறி, அரை மணி நேரத்தில் நரம்பு கயிறு திரித்த மாதிரி தன் மேலேயே முறுக்கிக்கொண்டது. அந்த நரம்பு இனி ஆகாது. அந்த நஷ்டம் 11,460-இல் சேரவில்லை.

கணவாய்க்குள்ளே பாசிமணி கிடையாது. முள்ளுக்கு மேலே தலைக்குள் ஒன்றிரண்டு மணி கோர்த்தால்தான் பாவாடையின், அதாவது கணவாயின் தொங்குகிற ரப்பர் இழைகளின், நுனியில் முள் வளைவு வந்து நிற்கும். மணி இல்லாவிட்டால் தலை வழுக்கி முள்ளின் மேல் இறங்கிவிடும், முள் பாவாடைக்கு வெளியே தனியாகத் தொங்கும். இருபதிலும் அப்படித்தான். ‘ஸ்டெயின்லெஸ்’ முள் ஒரு ராத்திரி உப்புத்தண்ணீரில் கிடந்தது. காலையில் முள்ளின் கண்ணைச் சுற்றிச் செம்பழுப்புத் துரு.

பெரிய அநியாயம் கம்பி லீடர். சுருளின் மேல் லேபிள் கம்பி என்று சொல்கிறது, உள்ளே இருந்தது சாம்பல் நிறத் தங்கூசி. அதைக் கணவாயில் இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கட்டி வேறு அனுப்பியிருந்தார்கள். ஒரு பாகத்துக்கு மேல்! அந்தச் சரக்கு தெரிந்த ஆளே அரைப் பாகம் என்று சொன்ன பிறகு! நெய்மீன் பல் கத்தரி மாதிரி. ஒரே அடி, நரம்பு லேசாகிவிட்டது. அறுந்த முனையைக் கையில் வைத்துப் பார்த்தால் தெரியும்: பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது, இழுபட்டு மெலிந்திருந்தால் பாரம் தாங்கவில்லை, சாய்வாக, பிளேடால் அறுத்த மாதிரி இருந்தால் பல். இது சாய்வாகத்தான் இருந்தது. மீனும் போச்சு, 1,450 ரூபாய்த் தகடும் அடுத்த இழுப்பில் ஸ்விவல் கண் விரிந்து கடலோடு போச்சு.

போட்டோ எல்லாம் எடுத்து அனுப்பியதும் அதே ஆளின் பேச்சு மாறியது. ‘ஸ்பீடு கூட்டியிருப்பீங்க.’ ஜிபிஎஸ் படம் அனுப்பினோம், 4.6 கிலோமீட்டர். ‘பெட்டி திறக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?’ இல்லை. ‘அப்ப கூரியர்லதான் மாறியிருக்கும், அவங்ககிட்ட கேளுங்க.’ கூரியரில் எட்டு இஞ்ச் தகடு எப்படி முளைக்கும்? மறுநாள், ‘தண்ணில நனைச்ச சாமானை எடுக்க மாட்டோம், பாலிசி.’ தூண்டில் சாமானை நனைக்காமல் எதில் பார்ப்பது? அதற்கடுத்த நாள் 500 ரூபாய் கூப்பன், அதுவும் அதே கடையில் 5,000-க்கு மேல் வாங்கினால். வேண்டாம், 11,460-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் அண்ணாச்சி ‘சார்’ ஆகிவிட்டார். நேற்று ராத்திரி பிளாக்.

ஆத்திரத்தில் கை ஓடவில்லை, விவரமாக எழுதுகிறேன் என்றதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்விவலில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு விரலால் திருப்புங்கள், தடையில்லாமல் சுற்றினால்தான் பேரிங். முள்ளைக் காந்தம் வைத்துச் சோதிக்காதீர்கள், நல்ல ஸ்டெயின்லெஸ் முள்ளிலும் காந்தம் ஒட்டும், உப்புத்தண்ணீர்தான் சோதனை. நெய்மீனுக்கு முள் பக்கம் ஒரு அடியாவது நிஜக் கம்பி இருக்கட்டும். பெட்டியைப் பிரிக்கும்போது, லேபிள் தெரிகிற மாதிரி, அளவுகோல் வைத்து வீடியோ எடுங்கள். தயாரித்த நாடும் குறைதீர்ப்பு அலுவலர் பெயரும் தளத்தில் இல்லாத கடைக்கு முன்பணம் கட்டவே வேண்டாம். 2020 மின்வணிக விதிப்படி இரண்டும் கட்டாயம், புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்தில் ஒப்புகையும் தர வேண்டும். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

இதே செட் ஏற்கெனவே யார் கையிலாவது இருந்தால், வள்ளத்தில் ஏற்றுவதற்கு முன்னால் ஸ்விவலையும் முள்ளையும் கழற்றி மாற்றிவிடுங்கள்.