மூணு கட்டை டார்ச்சு மாதிரி ஒரு லைட்சேபர்: கிராஃப்ளெக்ஸ் கிட் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், கிட் மோசமில்ல, ஆனா கஸ்டம்ஸ் டூட்டியோட சேத்து நான் அழுத காசுக்கு இன்னும் ஒழுங்கா குடுத்திருக்கலாம். அஞ்சுக்கு மூணரை.

இது என்ன சாமான்னு தெரியாதவங்களுக்கு: 1977ல வந்த மொத ஸ்டார் வார்ஸ் படத்துல ஹீரோ லூக் கைல இருக்குமே அந்த லைட்சேபர், அதாவது ஒளி வாள், அதோட கைப்பிடிய பாகம் பாகமா வாங்கி நாமளே பூட்டிக்கிற காப்பிதான் இந்த கிட். ஒரிஜினல் கைப்பிடி இருக்கே, அத யாரும் வரைஞ்சு டிசைன் பண்ணி லேத்துல கடைஞ்சு எடுக்கல. செட் டெக்கரேட்டர் ரோஜர் கிறிஸ்டியன் லண்டன்ல ஒரு கேமரா கடைல போய் தேடி எடுத்த பழைய கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷ் கைப்பிடி அது. அந்தக் காலத்து பத்திரிகை போட்டோகிராஃபருங்க பெரிய ஸ்பீட் கிராஃபிக் கேமரா பக்கத்துல மாட்டியிருப்பாங்க பாருங்க, மேல கிண்ணம் மாதிரி ரிஃப்ளெக்டர், ஒரு அடி அடிச்சா பல்பு காலி, அதோட பிடி. உள்ள மூணு பெரிய பேட்டரி கட்டை போகும். அதுல கறுப்பு ரப்பர் பட்டைய சூப்பர் க்ளூ போட்டு ஒட்டி, நடுவுல இருக்கிற கிளாம்ப்ல ஒரு பழைய கால்குலேட்டரோட லென்ஸ் துண்ட சொருகி, இடுப்புல மாட்ட ஒரு டி-ரிங் வெச்சாங்க, முடிஞ்சது கதை. பட்ஜெட் இல்லாம பண்ண வேலை, இன்னிக்கு நாம அத மில்லிமீட்டர் சுத்தமா காப்பி அடிக்க உசுர விடுறோம்.

அந்த லென்ஸ் துண்டு மேட்டர் எனக்கு ரொம்ப பிடிக்கும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் எக்ஸாக்ட்ரா கால்குலேட்டர்ல இருந்து எடுத்தது. அப்போ எல்இடி எண்ணெல்லாம் எறும்பு சைஸ்ல இருக்கும், கண்ணுக்கே தெரியாது, அதனால ஒவ்வொரு எண்ணுக்கு மேலயும் ஒரு குட்டி பூதக்கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குமிழ் வெப்பாங்க. அதான் சேபர்ல வரிசையா பளபளன்னு தெரியுறது.

சரி கிட்டுக்கு வர்றேன். விளம்பர போட்டோல குமிழ் துண்டு காட்டிட்டு, டப்பாவ திறந்தா வேற எதோ சர்க்யூட் போர்டு கனெக்டர் மாதிரி துண்டு. அது 1980ல வந்த ரெண்டாவது படத்தோடது! ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமயா இந்த கிட் விக்கிறாங்கன்னு கடுப்பாயிடுச்சு. மெயில் போட்டேன், போட்டோ அனுப்பு, டப்பா நம்பர் அனுப்புன்னு இழுத்தடிச்சு மூணு வாரம் கழிச்சு குமிழ் துண்டு வந்துச்சு, அதுவும் கொஞ்சம் பால் கலந்த மாதிரி மங்கலா.

மெட்டல் டியூப் ரெண்டும் நல்ல கனம், கைல புடிச்சாலே ஒரு திருப்தி வரும், அங்க குறை சொல்ல மாட்டேன். பாலிஷ்தான் ஓவர், புது புல்லட் சைலன்ஸர் மாதிரி முகம் தெரியுது. 1000 நம்பர் உப்புத்தாள தண்ணில நனைச்சு ஒரே பக்கமா லேசா தேய்ச்சேன், அப்புறம்தான் நாப்பதுல செஞ்ச ஃபிளாஷ் கைப்பிடி களை வந்துச்சு. தேய்க்கிறவங்க வட்டமா தேய்ச்சுடாதீங்க, கோடு கோடா மாட்டிக்கும், நான் ஒரு இடத்துல சொதப்பி அத ரப்பர் பட்டைக்கு அடில மறைச்சிருக்கேன்.

ரப்பர் பட்டை ஃபிரிட்ஜ் கதவு பீடிங் மாதிரி வழவழன்னு இருக்கு, கூடவே குடுத்த டபுள் டேப் ரெண்டே நாள்ல வெயிலுக்கு உரிஞ்சு வந்துடுச்சு. பேசாம ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிட்டேன், ஒரிஜினல் ஆளுங்க பண்ணதும் அதானே, இத விட ஸ்கிரீன் அக்யூரேட்டா, அதாவது படத்துல இருந்தபடியே, வேற என்ன வேணும். விரல் ரெண்டு ஒட்டிக்கிச்சு, அது தனி கதை.

கிளாம்ப் லிவர் மட்டும் லொடலொடன்னு ஆடுது. மேல் டியூப்பையும் கீழ் டியூப்பையும் சேத்து புடிக்கிறதே அதுதான், அது ஆடினா மொத்தமா கழண்டு கால்ல விழும், விழுந்துச்சு. உள்ள ஒரு மெல்லிய தகரத்துண்ட மடிச்சு வெச்சு இறுக்கினேன், இப்ப ஓகே. வாங்குறவங்க இத மொத நாளே பண்ணிடுங்க.

அளவு சரியான்னு பாக்க வெர்னியர் எல்லாம் எடுத்து உக்காந்திருந்தேன், அம்மா வந்து பாத்துட்டு “என்னடா இது, உங்க தாத்தா வயலுக்கு எடுத்துட்டு போற மூணு கட்டை டார்ச்சாட்டம் இருக்கு”ன்னாங்க. அப்பதான் பல்பு எரிஞ்சுது. ஒரிஜினல் செய்யப்பட்டதே பெரிய கட்டைக்குதான, அப்போ காப்பி சரியா இருந்தா கட்டை உள்ள போகணும்ல! பரண்ல தேடி கரண்ட் போனா போடுற டார்ச்ச எடுத்து கட்டைய உருவி விட்டேன். மூணும் சும்மா வழுக்கிட்டு உள்ள போச்சு, ஆடவும் இல்ல, சிக்கவும் இல்ல. அந்த ஒரு விஷயத்துக்காகவே அரை ஸ்டார் ஏத்திதான் மூணரை.

அம்மா வாங்கி செவப்பு பட்டன ரெண்டு தடவ அமுக்கி பாத்துட்டு, “எரியலயே, திருப்பி அனுப்பிடு”ன்னு டேபிள்ல வெச்சுட்டு போய்ட்டாங்க.